வெறும் ஃப்ளாஷ்

ஒரு டூர் பஸ்ஸில் ஐம்பத்து நான்கு பேர் ஏறினால், அதில் யார் யார் போட்டோ வாங்குவார்கள் என்பது போளூர் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு வரும் தம்பதி கட்டாயம் வாங்குவார்கள். மருமகளையும் அழைத்து வரும் மாமியார் வாங்குவாள். ஊரில் காட்டியாக வேண்டும். நாலு பெண்களாகச் சேர்ந்து வருகிறவர்கள் ஆளுக்கொன்று கேட்பார்கள். தனி ஆள் வாங்க மாட்டான். எடுக்கும்போது கம்பீரமாக நிற்பான், கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது நானா? இவ்ளோ கருப்பாவா இருக்கேன்?" என்று திருப்பித் தந்துவிடுவான். இரண்டு வருஷம் இப்படிப் பட்ட பிறகு தனி ஆள் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். நானும் ஒரு தனி ஆள்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்ததே இல்லை.

எண்பத்தொன்பதில் நான் திருவண்ணாமலைக்கு வந்தேன். அதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, பழைய கேமரா ஒன்றும் ஒரு ஃப்ளாஷும் மட்டும் கையில் இருக்க வெளியே வந்தவன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், மாடியில் ஓர் அறை கிடைத்தது. அடுத்தடுத்த அறைகளில் வெள்ளைக்காரர்கள். காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் மத்தியானம்தான் திறப்பார்கள். தனிமை வேண்டும் என்று அவர்கள் விமானம் ஏறி வந்திருந்தார்கள். எனக்கு அது வாடகைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொஞ்ச நாள் ஓட்டினேன். மாதத்துக்கு ஒரு பௌர்ணமிதானே வருகிறது. அப்போதுதான் டூர் நடத்துகிற ஒருவர் அறிமுகமானார். கீழ்பென்னாத்தூர், அவலூர்ப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து, தை அறுப்பு முடிந்ததும் மாசியில் காசி யாத்திரை கொண்டுபோவார். ஆள் சேர்ந்தால் புரட்டாசியிலும் ஒன்று உண்டு. சமையல்காரர் கூடவே வருவார், அரிசி மூட்டை பஸ்ஸின் வயிற்றில், அண்டாக்கள் தலையில். இருபத்திரண்டு நாள். எனக்குக் கடைசி சீட்டும் சாப்பாடும் இலவசம். போகிற இடமெல்லாம் படம் எடுத்து, திரும்பி வந்து கழுவி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் பிழைப்பு. ஊர் சுற்றும் வேலை என்று தெரிந்தவர்கள் பொறாமைப்படுவார்கள். நான் பார்த்த இந்தியா முழுக்க யாராவது ஒரு குடும்பத்துக்குப் பின்னால்தான் நின்றது.

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஃப்ளாஷ் அடித்தால்தான் போட்டோ. உச்சி வெயிலில் நிற்க வைத்து எடுத்தாலும் ஃப்ளாஷ் மின்னாவிட்டால், "படம் வுழல போலக்கீதே" என்று சந்தேகப்படுவார்கள். ஃப்ளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், சோதித்துப் பார்ப்பதற்காக. அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் வரும். கேமரா திறக்காது, ஃபிலிம் நகராது. கட்டாயத்துக்கு எடுக்க வேண்டியவர்களுக்கு, வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, இந்த வெறும் ஃப்ளாஷ்தான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு 'டொக்' போட்டால் சத்தத்துக்கும் குறை இருக்காது. ஒரு ரோலில் முப்பத்தாறுதான். அதில் தனி ஆட்களுக்குச் செலவழிக்க என்னிடம் இல்லை. பாவம் என்று தோன்றியதில்லை. அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன்.

என் மூன்றாவது யாத்திரையில் அவர் ஏறினார். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் வைக்கிறவர். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அவருடைய அப்பா ஐப்பசியில் இறந்துபோயிருந்தார். அஸ்தியைக் கங்கையில் கரைத்து, கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தார். மஞ்சள் துணி சுற்றிய சின்னச் செம்பை மடியை விட்டு இறக்கவில்லை. கடைசி சீட்டில் எனக்குப் பக்கத்து இடம் அவருக்கு. "கார்த்திகைப் பட்டத்து மல்லாட்டை நெலத்துல நிக்குது. தண்ணி பாய்ச்ச ஒரு ஆளு வேணும். அதான் ஊட்டுல வரல. இல்லன்னா இட்டுனு வந்திருப்பேன்" என்று கேட்காமலேயே விளக்கம் சொன்னார். தனியாக வந்ததில் அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது.

நல்ல மனிதர். இரவில் என் தலை அவர் தோளில் சாய்ந்தாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்கு இறங்கினால் எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்பார். என்னை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. "போட்டோக்காரரே, கொஞ்சமா துன்றீங்களே" என்று அவர் சொன்னபோது முறைத்தேன் என்று நினைக்கிறேன். பழக்கமில்லாத இடத்தில் அன்பு வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

ஸ்ரீசைலத்தில் ஆரம்பித்தார். "நம்மளயும் ஒண்ணு எடுங்க. எல்லா எடத்துலயும் ஒண்ணு வேணும். ஊட்டுல காட்டணும்." எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போடுவார். சட்டையின் மேல் பொத்தானை, கழுத்தை இறுக்குகிற அந்தப் பொத்தானை, மெனக்கெட்டுப் போடுவார். கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நிற்பார். நான் கேமராவைக் கண்ணில் வைத்து, முதுகுப் பொத்தானை அழுத்துவேன். பளிச். டொக்.

"வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சுங்க."

காசியில் நின்றார், கயாவில் நின்றார், அயோத்தியில் நின்றார். ஹரித்வார் போய்ச் சேருவதற்குள் பதினோரு இடம். ஒன்றுகூட எடுக்கவில்லை. கடைசியில் தாஜ்மகாலில் ஒன்று உண்மையாகவே எடுத்து, பணம் வாங்காமல் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். இதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே சில சமயம் சந்தேகமாக இருக்கிறது.

ஹரித்வாரில் இரண்டாம் நாள் காலை, வீட்டுக்குக் கங்கைத் தண்ணீர் கொண்டுபோக ஒரு மூடி வைத்த சொம்பு வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனார். வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் தட்டை நான் எடுத்து வைத்தேன். சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. அவருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது. தங்கியிருந்த சத்திரத்தின் பெயரும் தெரியாது. எழுதிக் கொடுத்த சீட்டு அவருடைய பையிலேயே, பஸ்ஸில் கிடந்தது. மறுநாள் காலை வரை படித்துறைகள், கடைகள், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாம் தேடினோம். கூட வந்த பெண்கள் அழுதார்கள். டூர்க்காரர் என்னையும் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சமையல்காரருக்கு அரைகுறை இந்தி வரும்.

அங்கிருந்த ஏட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சமையல்காரர் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. போட்டோ.

டூர்க்காரரின் முகம் தெளிந்துவிட்டது. "அதுக்கின்னா சார், நம்ம போட்டோக்காரரே கூட இருக்காரு. எடத்துக்கு எடம் எடுத்திருக்காரு" என்று என் தோளில் தட்டினார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். "ரோல கழுவணுமே" என்றேன். கடைத்தெருவில் ஒரு கலர் லேப் இருந்தது. அவரே ரோல்களை வாங்கிக் கொடுத்து, அவசரம் என்று சொல்லி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த மூன்று மணி நேரமும் ஏதாவது அற்புதம் நடந்துவிடாதா என்று பார்த்தேன். ஒருவேளை எங்காவது மறந்துபோய் உண்மையான பொத்தானை அழுத்தியிருந்தால்? நூற்றுக்கு மேல் படங்கள் வந்தன. குடும்பம் குடும்பமாகச் சிரித்தார்கள். யாரையாவது நிற்க வைத்து எடுத்தால் அவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிற ஆள். ஒரே ஒரு படத்தில், ஓரத்தில், ஒரு முதுகும் தோளில் துண்டும் இருந்தன.

"அவருது எங்கயா?" என்றார் டூர்க்காரர்.

"அவர எடுத்த ரோலு சுத்தல போலக்கீதுங்க. ஃபிலிம உள்ள இருக்குற சக்கரத்துப் பல்லுல மாட்டாம வுட்டுட்டேன். காலியா போயிருக்குது."

எந்தப் போட்டோக்காரனுக்கும் நடக்கிற தப்பு அது. அதனால் அவர் நம்பினார். நடுத்தெருவில் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒவ்வொரு வசவுக்கும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கும்போது செய்த தப்பு மறைந்துகொள்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கலாம். பிறகு அந்தச் சோற்றைத் தின்ன வேண்டியிருக்கிறதே, அதுதான் கஷ்டம்.

எல்லோரும் சேர்ந்த குரூப் போட்டோவாவது இருந்திருக்க வேண்டும். டூர்க்காரருக்கு ஒரு சகுனம் உண்டு. போகும்போது ஆட்களை எண்ணக் கூடாது, சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுக்கக் கூடாது. போன எண்ணிக்கை திரும்பாது என்பார். குரூப் போட்டோ எப்போதும் திரும்பும் வழியில், தாஜ்மகால் முன்னால்தான். அவர் காணாமல் போன மூன்றாம் நாள் பஸ் கிளம்பியது. மற்றவர்களுக்கு வீடும் மாடும் வயலும் காத்திருந்தன. என் பக்கத்து சீட்டில் அவருடைய பை மட்டும் வந்தது. ஆக்ராவில் நான் குரூப் போட்டோ எடுத்தேன். ஐம்பத்து மூன்று பேர். சிரிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேமராவைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு மேல் சிரித்துவிட்டார்கள்.

அவருடைய மச்சான் உடனே ஹரித்வாருக்குப் போனார். கொண்டுபோனது கல்யாண போட்டோ. இருபது வருஷத்துக்கு முந்தைய கருப்பு வெள்ளைப் படம். அதில் மாப்பிள்ளையின் நெற்றி முழுக்கப் பட்டம் கட்டியிருக்கும், கழுத்து வரை மாலை. மூக்கும் மீசையும்தான் தெரியும். பத்து நாள் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் காணாமல் போனவருடைய மனைவி என் அறைக்கு வந்தாள். வெயிலில் நடந்து கருத்த, ஒல்லியான பெண். மாடிப்படியில் ஏறி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு தபால் கார்டு. காசியிலிருந்து அவர் எழுதியது. அதை என்னிடம் நீட்டினாள். கோணல் எழுத்தில், அஸ்தி கரைத்தது, குளிர், சாப்பாடு நன்றாக இருப்பது எல்லாம் எழுதி, கடைசியில் இப்படி இருந்தது: 'போட்டோக்காரர் நல்ல மாதிரி. எல்லா இடத்திலும் என்னைப் படம் எடுக்கிறார். வந்ததும் எல்லாரும் பார்க்கலாம்.'

"ரோலு காலியாப் போச்சுன்னு சொன்னாங்கண்ணா" என்றாள். "எல்லா எடமும் ஒரே ரோலுலயா எடுத்தீங்க?"

டூர்க்காரருக்கும் மச்சானுக்கும் தோன்றாத கேள்வி. நான் தலையை ஆட்டினேன். "ஆமாம்மா. அவருக்குன்னு தனியா ஒரு ரோலு போட்டேன்" என்றேன். பொய்க்குக் கூலி கொடுப்பதுபோல, அதைக் கேட்டதும் அவளுடைய கண்ணில் ஒரு நன்றி வந்தது.

"எப்படி நின்னாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். துண்டை மடித்துப் போட்டது, மேல் பொத்தானைப் போட்டது, கையைத் தொங்கவிட்டு நின்றது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவரு மூஞ்சி நல்லா தெரிஞ்சது இப்போ உங்களுக்குத்தாண்ணா. நீங்கதான் அந்த ஊருக்கு மறுபடி மறுபடி போறவரு. பாத்தா இட்டுனு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு யாத்திரை பஸ்ஸும் புறப்படுகிற காலையில் அவள் வந்துவிடுவாள். கோபுர வாசலில் பஸ் நிற்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் ஜன்னல் ஜன்னலாக நிற்பார்கள். எனக்கு என்று யாரும் வந்ததில்லை. அவள்தான் பஸ்ஸின் பின்பக்கமாக வந்து என் ஜன்னலடியில் நிற்பாள். ஒரே ஒரு கேள்வி.

"மூஞ்சி ஞாபகம் கீதாண்ணா?"

"இருக்குதும்மா."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். மூன்று வருஷத்தில் நான் ஐந்து முறை போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் வந்து நிற்பது எனக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது. என்னை வழியனுப்ப ஓர் ஆள். எதற்காக வருகிறாள் என்பது தெரிந்தும் கண் அவளைத் தேடும்.

ஹரித்வாரில் மற்றவர்கள் குளிக்கும்போது நான் தேடுவேன். சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடம், அன்னதானக் கூடம், பாலத்தடி. குடும்பங்கள் போட்டோவுக்குக் கூப்பிடும், நான் இருக்க மாட்டேன். டூர்க்காரர் கடுகடுப்பார். பிழைப்பு அடிவாங்கியது. வெறும் ஃப்ளாஷை நான் அறவே விட்டிருந்தேன். தனி ஆள் யார் நின்றாலும் ஃபிலிம் ஓடும். அவர்கள் வழக்கம்போல வாங்காமல் திருப்பித் தந்தார்கள். காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஐந்தாவது முறை போனபோது அது நடந்தது. காலை பத்து மணி இருக்கும். படித்துறைக்கு மேலே கடைகளுக்கு நடுவில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். தோளில் மடித்த துண்டு. அதே உயரம், அதே நடை. நான் ஓடினேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தோளில் கை வைத்தேன். அவர் திரும்பினார்.

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். தாடி இருந்தது. அதைத் தள்ளிவிட்டு மூக்கைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன். அவரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால்கூடப் போதும். அதுவும் தெரியவில்லை. "ஐயா, நீங்க கீழ்பென்னாத்தூரு பக்கமா?" என்று தமிழில் கேட்டேன். அவர் இந்தியில் ஏதோ சொல்லி, என் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். அவர் வாயைத் திறந்து பேசிய பிறகுதான் எனக்கு அவர் வேறு ஆள் என்று தெரிந்தது.

படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உண்மையாகப் படம் எடுக்கும்போது நிற்பவரின் கண்ணில் என் கண்ணை வைத்து, ஃபோகஸ் செய்து கூர்மை பிடிப்பேன். ஒரு முகத்தை அதைவிட நன்றாக யாரும் பார்க்க முடியாது. ஆண்டுகள் கழித்தும் சில முகங்கள் அப்படியே நினைவிருக்கும். வெறும் ஃப்ளாஷுக்குக் கூர்மை பிடிக்கத் தேவையில்லை. கேமரா கண்ணில் இருக்கும், கண் ஃப்ளாஷில் எரியும் சிவப்பு விளக்கில் இருக்கும், மனசு அடுத்த குடும்பத்தின்மேல் இருக்கும். பதினோரு முறை அவர் என் எதிரே நின்றார். ஒரு முறைகூட நான் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்தேனே என்றால், பஸ்ஸில் பக்கத்து ஆளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? தோள்தான் தெரியும். எனக்கு மிச்சமிருந்தது ஒரு துண்டும் ஒரு பொத்தானும். அதை வைத்துக்கொண்டுதான் ஐந்து முறை 'இருக்குது' என்று சொல்லியிருந்தேன்.

ஊர் திரும்பிய மறுநாளே பஸ் பிடித்து அவள் கிராமத்துக்குப் போனேன். களத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகள் குவிந்திருந்தன. அவளும் இரண்டு மகள்களும் மாமியாரும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் சட்டென்று எழுந்தாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வழியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"தனியாத்தாம்மா வந்தேன்" என்றேன். "ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. முதுகுப் பொத்தான், நாக்குச் சத்தம், ரோல் சுத்தவில்லை என்று சொன்ன பொய், கடைசியில் முகம் நினைவில் இல்லாதது வரை. தனி ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்ற காரணத்தையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தது. மாமியாருக்குக் காது சரியாகக் கேட்காது. "இன்னாடி சொல்றாரு? பாத்தாராமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் மறுபடி உட்கார்ந்து ஒரு செடியைக் கையில் எடுத்தாள். காயை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அது வேண்டும் என்றுகூட இருந்தது.

"ஒண்ணு கூடவா எடுக்கல?"

"இல்லம்மா."

"மேல் பொத்தான் போட்டுனு நின்னாருன்னு சொன்னீங்களே, அது நெசமா?"

"அது நெசம்தாம்மா."

"எங்க கல்யாணத்துக்குக் கூட அவரு அந்தப் பொத்தான் போடல. கழுத்த இறுக்குதும்பாரு" என்றாள். அந்தச் செடி முடிந்து அடுத்த செடியை எடுத்தாள். "போங்கண்ணா. பஸ்ஸு போயிடப்போவுது."

அடுத்த யாத்திரைக்கு நான் போகவில்லை. டூர்க்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். ஹரித்வாரில் அவரைத் தேட இனி நான் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை. அறையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் மலை தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பெரிய தவம் என்பார்கள். நான் எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த பஸ் போய் இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில், படியில் நிறையக் காலடிகள் கேட்டன. அவள் வந்திருந்தாள். மாமியாரைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டு, பின்னால் இரண்டு மகள்கள். எல்லோரும் தலை வாரி, பூ வைத்து, நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். இந்த முறையும் வாசலிலேயே நின்றாள்.

"எங்கள எடுக்கணும். ஒவ்வொருத்தரா, தனித்தனியா" என்றாள். "நாளைக்கி யாராவது காணாம போனா கையில ஒண்ணு வேணுமில்ல."

நான் கேமராவை எடுத்தேன்.

"ஃபிலிம் போடறத நான் பாக்கணும்."

மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். அவள் முன்னால் கேமராவின் முதுகைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினேன். புது ரோலைப் பிரித்து, ஓட்டைகளைப் பல்லில் மாட்டி, மூடினேன். மேலே இடது பக்கம் இருக்கிற குமிழைக் காட்டி, "ஒவ்வொரு தபா எடுத்ததும் இது சுத்தணும். சுத்துச்சுன்னா உள்ள ஃபிலிம் ஓடுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தேன். ஃப்ளாஷை மாட்டப் போனேன். "அது வேணாம்" என்றாள்.

முதலில் மாமியார். பிறகு மூத்தவள், இளையவள். ஒவ்வொரு முகத்தையும் கண் வலிக்க வலிக்கக் கூர்மை பிடித்தேன். அவள் என் தோளோரம் நின்று அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றியதும், "ம்" என்பாள். கடைசியில் அவள் போய் நின்றாள். குமிழைப் பார்த்துக்கொள்ளும்படி மூத்த மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். வெயில் நேராக முகத்தில். சிரிக்கவில்லை. நான் எடுத்தேன். மகள், "சுத்துச்சும்மா" என்றாள்.

"இன்னொண்ணு எடுங்க" என்றாள் அவள்.

எடுத்தேன். பிறகு மறுபடி மாமியாரிடமிருந்து ஆரம்பித்தாள். போதும் என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. முப்பத்தாறும் ஓடித் தீர்ந்தது. ரோலைச் சுற்றி வெளியே எடுத்தபோது எப்போது வந்து வாங்கிக்கொள்வது என்று மூத்தவள் கேட்டாள். நான் கழுவி அனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

ரோலை டப்பாவில் போட்டு மூடி அவள் கையிலேயே கொடுத்தேன். "விழுப்புரத்துலயோ வேலூர்லயோ ஏதாச்சும் லேபுல நீங்களே குடுத்துக் கழுவிக்கோங்கம்மா."

அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மாமியாரைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் மெதுவாகப் படியிறங்கி, செங்கம் ரோட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவரும் வரவில்லை.

இது நடந்து பல வருஷமாகிவிட்டது. எத்தனையோ ஆயிரம் படம் எடுத்து வயிறு வளர்த்தேன். கேமராவில் ஃபிலிமே இல்லாத காலமும் வந்துவிட்டது. எடுத்த மறுகணமே பின்பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள். ஒரே ஒரு ரோலைத்தான் நான் முழுசாக, மனசாரப் பார்த்து எடுத்தேன். அதில் ஒரு படத்தைக்கூட எனக்கு யாரும் காட்டவில்லை.